அட்வான்ஸுக்கு முன்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். "வீட்டை வாங்கிப் பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. அதன் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்திலே வீடு விலைக்கு வந்தால், அது யாருடைய பாட்டனார் கட்டியது, அவருக்கு எத்தனை தாரம், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் மேல் வியாஜ்யம் தொடுத்தான், எந்த வருஷத்து மழையில் எந்தச் சுவர் விழுந்தது என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விசாரணை என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு விற்கிறவர் யாரோ, வாங்குகிறவர் யாரோ. இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக் கொள்வதே தரகருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான்.

இருபத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, பிராவிடெண்டு பண்டில் சேர்த்து, வீட்டு அம்மாளின் நகைகளையும் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதிக்கு இருபது வருஷத் தவணையில் பாங்கியிலே கடன் எழுதிக் கொடுத்து ஒரு சம்சாரி வீடு வாங்குகிறார். அந்த வீட்டை அவர் பார்த்து முடிவு செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஒன்றரை மணி நேரத்தில்! அதிலும் முக்கால் மணி நேரம் சமையலறை மேடையின் கல் எந்த நிறம், பூஜை அறை எந்தத் திசை என்பதில் கழிந்துவிடுகிறது. பையனுக்கு ஒரு ஜோடு செருப்பு வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குகிற அதே மனிதர்தான் இவர்.

இந்த அவசரம் வாங்குகிறவருடைய சொந்த அவசரம் அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். "நாளைக்கு ஒரு பார்ட்டி ரொக்கத்தோடு வருகிறார், ஸார்! உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்கிறார் தரகர். இந்த ரொக்கப் பார்ட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. அவர் எந்த ஊரிலும், எந்த வருஷத்திலும் நாளைக்கேதான் வந்துகொண்டிருக்கிறார். ஆனாலும் அவருக்குப் பயந்து அன்று மாலையே ஒரு லட்சமோ ஐந்து லட்சமோ அட்வான்ஸ் கை மாறிவிடுகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் வரையில் காலம் வாங்குகிறவர் பக்கத்தில் நிற்கிறது. கொடுத்த மறு நிமிஷம் அது விற்கிறவர் பக்கம் தாவிவிடுகிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு இதை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது: கிரய ஒப்பந்தம் என்பது தன்னளவில் அந்தச் சொத்தின் மீது எந்தப் பாத்தியதையையும் உண்டாக்குவதில்லை. பத்திரம் எழுதித் தரும்படி கோர்ட்டில் வழக்குப் போடலாம். போட்டுவிட்டு, அது முடிகிற வரையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாய்தாவுக்குப் போய் வரலாம். அடுத்த பிரிவாகிய 55 இன்னும் சுவாரஸ்யமானது. சொத்திலும் உரிமையிலும் உள்ள குறைகளை விற்கிறவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆனால் எந்தக் குறைகளை? தமக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், வாங்குகிறவர் சாதாரண ஜாக்கிரதையோடு விசாரித்தாலும் கண்டுபிடிக்க முடியாதவற்றை. விசாரித்தால் தெரிந்திருக்கும் என்பதை விசாரிக்காமல் விட்டவருக்கு இந்தப் பிரிவு அதிகமாய் உதவாது.

"ரிஜிஸ்தர் ஆகிவிட்டதே, சர்க்கார் முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் படித்தவர்களிலேயே ஏராளம். பதிவு என்பது, இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு தஸ்தாவேஜு எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி விற்கிறவருடைய உரிமையை ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்லவென்று சொல்லி, தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. உலகத்தில் வேறு விதமான ஏற்பாடும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த சட்டத்தின்படி, சர்க்கார் புஸ்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அதற்குச் சர்க்காரே பொறுப்பு. நம் நாட்டில் தஸ்தாவேஜு மட்டுமே பதிவாகிறது. பொறுப்பு வாங்குகிறவர் தலையில் இருக்கிறது.

ஆகையால் தஸ்தாவேஜுகளை வாங்கிப் படிக்க வேண்டும். இன்றைய கிரயப் பத்திரத்திலிருந்து பின்னோக்கி, இவருக்கு எப்படி வந்தது, அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று சங்கிலி அறுபடாமல் தாய்ப் பத்திரம் வரையில் போக வேண்டும். வக்கீல்கள் சாதாரணமாய் முப்பது வருஷம் பார்க்கிறார்கள். இன்னும் பின்னே போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் அசலைக் கேட்க வேண்டும். "அசல் தொலைந்து போய்விட்டது, நகல் இருக்கிறது" என்ற பதில் வந்தால் அங்கே சற்று உட்கார்ந்து யோசிப்பது நலம். அது உண்மையாகவே தொலைந்திருக்கலாம். ஒரு பாங்கியின் இரும்புப் பெட்டியில் சௌக்கியமாகவும் இருக்கலாம்.

இதைச் சந்தேகப் புத்தியினால் சொல்லவில்லை; இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்திரத்தைக் கொண்டுபோய்க் கடன்காரரிடம் கொடுத்துவிட்டால் அதுவே அடமானம் ஆகிவிடும் என்ற ஏற்பாட்டை 1882-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய நகரங்களுக்குப் பெயர் சொல்லி அனுமதித்திருக்கிறார்கள். பிற்பாடு சர்க்கார் அறிவிக்கும் மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைப்பதே போதும். எழுதிப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பதியாமல் விட்ட அடமானம் வில்லங்கச் சான்றில் எப்படி ஏறும்? 2011-ஆம் வருஷத்திலிருந்து பாங்கிகளின் இத்தகைய அடமானங்களுக்கு ஒரு மத்தியப் பதிவகம் நடந்து வருகிறது. சொற்பக் கட்டணத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம்.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவுத் துறையின் இணையத் தளத்தில் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்க்க முடிகிற காலம் இது. பழைய வருஷங்களுக்கு மட்டும் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். "நில்" என்று வந்துவிட்டால் நம்மவர்கள் ஆறுதலாகப் பெருமூச்சு விடுகிறார்கள். பதிவான தஸ்தாவேஜுகள் மட்டுமே அதில் தெரியும். பதியாத உயில் தெரியாது. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே சட்டத்தில் இல்லை. வாய்மொழியாய் நடந்த பாகப்பிரிவினை தெரியாது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டும் என்று அதே 1882 சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கட்சிக்காரர் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடும் வசதி இப்போது கோர்ட்டுகளின் இணையத் தளத்தில் இருக்கிறது. கால் மணி நேரத்து வேலை.

இவற்றையெல்லாம் விட அதிகக் குடும்பங்களை அலைக்கழித்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அது சகோதரிகளின் பங்கு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், திருச்சிராப்பள்ளியில் இரண்டு சகோதரர்களிடமிருந்து ஒரு பழைய வீட்டை வாங்கியது. பாட்டனார் காலத்துச் சொத்து. தாயார் முன்னமே காலமாகிவிட்டார். தகப்பனார் உயில் எழுதாமல் 2003-இல் இறந்து போனார். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள் இருந்தன. கிரயப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்துக்கள் இருந்தன. மூன்றாவது பெயர் 1994-இல் கலியாணமாகி நாகபுரிக்குப் போன தங்கையுடையது. "அவளுக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது, எங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள், கையெழுத்துக்காக அவ்வளவு தூரம் எதற்கு அலைக்கழிப்பானேன்?" என்றார்கள் அண்ணன்மார்கள். வாங்கியவருக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு நல்ல மனிதர்கள் எதிரே உட்கார்ந்து காபி கொடுத்துச் சொல்லும்போது மறுத்துப் பேசுவது கஷ்டந்தான்.

சட்டம் காபிக்கு மசியவில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அந்த வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன் கலியாணமாகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பிள்ளையோடு சமமான பங்கு உண்டு. 2005-இல் மத்திய சட்டம் எல்லாப் பெண்களுக்கும் அதைக் கொடுத்தது. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்து வைத்தது. தங்கைக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த அம்மாள் புருஷனை இழந்து, குழந்தைகளின் படிப்புக்குப் பணமில்லாத சமயத்தில், தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டாள். அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய வீடு, அவளைக் கேட்காமல் விற்கப்பட்டது. அண்ணன்மார்களில் ஒருவர் பணத்தைச் செலவழித்துவிட்டார். மற்றவர் வியாபாரத்தில் போட்டு இழந்துவிட்டார். கடைசியில் ராஜியாயிற்று. வாங்கியவர் ஒரே வீட்டின் மூன்றில் ஒரு பாகத்துக்கு, முன்னைவிட அதிக விலையில், இரண்டாந் தடவை பணம் கொடுத்தார். ஒரு ரயில் டிக்கெட்டும் ஒரு விடுதலைப் பத்திரமும் அத்தனையையும் தடுத்திருக்கும்.

ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை எண்ணுங்கள். பிறகு கையெழுத்துக்களை எண்ணுங்கள். இறந்துபோன பெண்ணின் குழந்தைகளும் எண்ணிக்கையில் சேர்த்திதான். மைனர் ஒருவரின் தனிச் சொத்தானால், கார்டியன் கோர்ட்டு உத்தரவு பெறாமல் செய்த விற்பனையை, அந்தப் பிள்ளை மேஜரான மூன்று வருஷத்துக்குள் ரத்துச் செய்யக் கேட்கலாம். "பவர்" பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்கிறவரிடம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அவரிடம் நேரில் பேச முடியுமா என்று கேட்டே தீரவேண்டும். வெறும் பவர் பத்திரமே வீட்டை உமக்குச் சொந்தமாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

உரிமை ஒரு புறமிருக்க, பூமி என்ன பூமி என்று பார்க்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே நின்று நாலு பக்கமும் பார்த்தால் எல்லாம் தெரியும். ஏரி மட்டும் தெரியாது. அந்தப் பிரதேசத்தில் கிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரம் எழுந்தது. அது சர்க்காரே திட்டமிட்டுச் செய்த காரியம். அங்கே வீடு வாங்கியவர்களின் பாத்தியதைக்கு அதனால் ஹானி இல்லை. எல்லா ஏரிகளின் கதையும் அப்படி முடிவதில்லை. "தாங்கல்" என்று முடிகிற ஊர்ப் பெயரைக் கேட்டால், அது தண்ணீரைத் தாங்கிய சிற்றேரியின் பெயர் என்பதைத் தமிழ் படித்தவர்கள் நினைவு கூர வேண்டும். மனிதர்கள் மறந்தாலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோதும், 2023 டிசம்பர்ப் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தபோதும் அது தெரிந்தது.

கிராமக் கணக்கில் "அ" பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. சர்வே எண்ணைக் கொடுத்தால், அந்த நிலம் பட்டா நிலமா, நத்தமா, ஏரியா, ஓடையா, மேய்க்கால் புறம்போக்கா என்று அது சொல்லிவிடும். இதுவும் இணையத்தில் கிடைக்கிறது. நீர்நிலையில் எழும்பிய வீட்டை, வரி கட்டியிருந்தாலும் மின்சாரம் வாங்கியிருந்தாலும், அப்புறப்படுத்துவதற்கு 2007-ஆம் வருஷத்திலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அதுவே முடிவான உரிமைப் பத்திரம் ஆகாது. ஸ்ரீரங்கம், கும்பகோணம் போன்ற கோயில் நகரங்களில் வேறொரு வேடிக்கை: வீடு ஒருவருடையது, அடிமனை சுவாமியுடையது. கமிஷனரின் அனுமதியில்லாமல் விற்ற கோயில் நிலத்தின் விற்பனை செல்லாதென்று 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவு கூறுகிறது. மனையாக வாங்குகிறவர்கள், அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா, அல்லது 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரமாகி வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் மேற்சொன்னவற்றோடு ஒரு பள்ளிக்கூடக் கணக்கும் சேர்கிறது. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவாக எட்டு வீடுகள். ஆளுக்கு 600 சதுர அடி நிலம் வரவேண்டும். பத்திரத்தில் 350 என்று எழுதியிருந்தால், எட்டு பேருக்குமாகச் சேர்ந்து 2,800 ஆயிற்று. மீதி 2,000 சதுர அடி எங்கே போயிற்று? ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டுவிடக் கூடிய கேள்வியைப் பட்டதாரிகள் கேட்பதில்லை. கட்டடம் பழையதாகி இடிக்கும் நாளில் மிஞ்சப் போவது அந்த நிலப்பங்கு ஒன்றுதான்.

புதிதாகக் கட்டுகிறவர்களிடம் வாங்குவோருக்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கொஞ்சம் பக்கபலம் தந்திருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலும் வீடுகள் எட்டுக்கு மேலும் இருக்கும் திட்டங்கள் ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். ஆனால் காகிதத்தில் உள்ள அனுமதி காரையைக் கெட்டியாக்காது. 2014 ஜூன் 28-ந் தேதி மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டடமும் அனுமதி பெற்றதுதான். விலையோடு பார்த்தால் ஒரு கட்டட இன்ஜினீயரின் கூலி அற்பமானது. அவரை ஒரு முறை அழைத்துப் போவதில் சங்கோசம் வேண்டியதில்லை.

அழைத்துப் போகாமல் தனியாகவும் போக வேண்டும். தரகர் இல்லாமல், விற்கிறவருக்குச் சொல்லாமல், ஐப்பசி மழையில் ஒரு முறை, முடிந்தால் சித்திரை வெயிலில் ஒரு முறை. மழை நாளில் தெருவைப் பார்த்தால் போதும். வெயில் நாளில் கிணற்றைப் பார்த்தால் போதும். மூலையில் துணிக்கு இஸ்திரி போடுகிறவர், லாரித் தண்ணீர் எந்த மாதத்தில் வர ஆரம்பிக்கும் என்பதைச் சொல்லிவிடுவார். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியம்மாள் உட்கார்ந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். எந்தச் சான்றிலும் ஏறாத சமாசாரங்கள் அவரிடம் பதிவாகியிருக்கும்: மூத்தவன் எங்கோ வெளியூரில் இருக்கிறான், இவர்களோடு பேச்சு வார்த்தை இல்லை, பின்பக்கத்து வழிக்காகப் பக்கத்து வீட்டாரோடு வருஷம் தவறாமல் சண்டை, மாடியில் இருக்கிறவன் வாடகை கொடுத்து நாலு வருஷமாயிற்று. பொறுமையாய்க் கேட்டுக்கொண்டால், வக்கீலிடம் எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

வக்கீல் என்றதும், "பாங்கியின் வக்கீலே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாங்கியின் வக்கீல் பாங்கிக்கு வக்கீல். பாங்கி தான் கொடுக்கும் பணத்துக்கு ஈடு போதுமா என்று பார்க்கிறது. வீடு கையை விட்டுப் போனாலும் கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும். தவணை மாதம் பிறந்தால் வந்து நிற்கும். உங்களுக்காக மட்டும் பார்க்கிற ஒரு வக்கீலிடம், தஸ்தாவேஜுகளின் நகல்களைக் கொடுத்து, எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள். அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும்.

அந்த இரண்டு வாரம் பொறுக்க விற்கிறவர் ஒப்பவில்லை, வீடோ மனத்துக்குப் பிடித்துப் போய்விட்டது என்றால், அட்வான்ஸைச் சிறு தொகையாகக் கொடுத்து, ரசீதில் ஒரு வரி எழுதி வாங்கலாம்: உரிமையில் குறை இருப்பதாக வக்கீல் எழுத்தில் சொன்னால், இத்தனை நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன் என்று. கொடுப்பதைச் செக்காகக் கொடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-இலிருந்து தடுக்கிறது. அபராதம் வாங்குகிற கையின் மேல் விழும் என்பதைத் தரகரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.